இரண்டு கேபிள் போட்ட சர்வர்களும் சேவியர் அண்ணனும்

கம்ப்யூட்டர் சர்வர் பழுது பார்க்கிறவர்களுக்கு விருந்தாளி மரியாதை கிடைக்கிற ஒரே சீமை எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம்தான். பெட்டி செத்துக் கிடந்தாலும் முதலில் காபி குடித்துவிட்டுத்தான் அதன் முகத்தைப் பார்க்க விடுவார்கள். இதே தொழிலில் வேறு ஊர்களில் உழல்கிறவர்கள் இதைப் படித்துப் பொறாமைப்படலாம். ஆனால் காபிக்குப் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதில் நீங்களும் நானும் ஒரே கட்சி.

எங்கள் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் சென்னையில். தஞ்சாவூர்க் கிளை என்பது ஒரு மருந்துக்கடை மாடியில் ஒரு அறை, இரண்டு மேசை, இரண்டு ஆட்கள். சர்வருக்கு உள்ளே நடப்பது என் பொறுப்பு. வெளியே கேபிள் இழுப்பது, அதற்கு பிளக் முனை அடிப்பது, நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியில் சொருகுவது எல்லாம் சேவியர் அண்ணன். நான் ஜமீலா, கூத்தாநல்லூர்க்காரி. அவர் பூதலூர்ப் பக்கம். குவைத்தில் பல வருஷம் கேபிள் இழுத்தவர். ஒரு லீவில் வந்திருந்தபோது அவருடைய சின்ன மகள், "நீங்க எப்ப உங்க வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு விசாவை விட்டுவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிகிற கேபிள் வேலை இந்த ஜில்லாவில் எங்கள் கம்பெனியில் மட்டும்தான் இருந்தது. இனிமேல் நான் சொல்லப் போகிற கூத்துகளில் ஆடிக்கொண்டிருந்தது அந்த வேலைதான்.

பல்டி அடித்த முகவரி

திருவையாற்றில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த சர்வருக்கு முதுகில் இரண்டு நெட்வொர்க் வாய். ஒரு கேபிள் போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே ஸ்விட்சில் சொருகச் சொல்லி சென்னையிலிருந்து உத்தரவு. சேவியர் அண்ணன் சொருகினார். மறுநாள் காலையிலிருந்து எச்சரிக்கை மெயில் வர ஆரம்பித்தது.

இந்த வம்பில் மாட்டாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கணினி இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால், முதலில் எல்லோர் காதிலும் விழும்படி "இந்த முகவரி யாருடையது?" என்று கேட்கும். ஒவ்வொரு நெட்வொர்க் வாய்க்குப் பின்னாலும் ஒரு அட்டை, அதற்கென்று ஒரு முகவரி; உரிய அட்டை "என்னுடையது" என்று பதில் சொல்லும். யார் பதில் சொல்கிறார்கள் என்று வேவு பார்க்க நாங்கள் ஒரு சின்ன புரோகிராம் வைத்திருந்தோம். அது எழுதியது: முதல் அட்டையின் முகவரி இரண்டாவது அட்டைக்குப் பல்டி அடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அடுத்த மெயில்: இரண்டாவதிலிருந்து முதலாவதற்குப் பல்டி. நாள் முழுக்க இதே பிழைப்பு. பல்டி அடிக்கும்போதெல்லாம் வரவேற்பறைக் கணினி உறைந்து நிற்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் பெயருக்காகக் காத்திருப்பார்கள்.

சென்னையில் எங்களுக்கு மேலதிகாரி ரகு. அவர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: கேபிள் சரியில்லை. சேவியர் அண்ணன் இரண்டு கேபிளுக்கும் புதிதாக முனை அடித்தார். நான் சர்வருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தேன். பல்டி நிற்கவில்லை. மத்தியானம் டாக்டரம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, பரிதாபப்பட்டுத்தான் கேட்டார்: "கண்ணு நல்லா இருக்கிறவங்க ரெண்டு பேரு காலையிலேருந்து உத்துப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. இன்னுமா ஒண்ணும் தெரியல?"

வடிகால்

மன்னார்குடி போகிற வழியில் ஒரு ரைஸ் மில். அங்கே சர்வருக்கு நாங்கள் ஒரே ஒரு கேபிள்தான் போட்டிருந்தோம். இரண்டாவது வாய் காலியாக இருந்தது. அதனால் அந்த மில்லைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஒரு நாள் அங்கிருந்தும் பல்டி மெயில் வந்தது. சேவியர் அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனேன். சம்பா நடவு முடிந்திருந்த சமயம், ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சை. அண்ணன் வண்டியை விரட்டிக்கொண்டு போனார். மில்லிலும் கேபிள்தான் காரணம் என்றால் ரகு தன்னை விடமாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

போய்ப் பார்த்தால் காலியாக இருந்த வாயில் புதிதாக ஒரு மஞ்சள் கேபிள். மறுமுனை அதே ஸ்விட்சில். சொருகியவர் மில் சூப்பர்வைசர் கலியபெருமாள். கடையில் வாங்கி, சுவரோரமாக ஆணி அடித்து, அழகாகவே இழுத்திருந்தார். அவருக்குச் சொந்தமாக நிலம் உண்டு. மில் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வயலில்தான் கிடப்பார். ஏன் சொருகினீர்கள் என்று கேட்டதற்கு, நாங்கள் பாதி வேலையில் விட்டுவிட்டுப் போனதாக அவர் எங்கள் மேல் குறைப்பட்டுக்கொண்டார். சேவியர் அண்ணன் அந்த மஞ்சள் கேபிளைப் பிடுங்கினார். மெயில் நின்றுவிட்டது. திரும்பச் சொருகச் சொன்னேன். பல்டி. பிடுங்கச் சொன்னேன். நிம்மதி. கேபிள் நல்லதா கெட்டதா என்பதில் விஷயம் இல்லை, இரண்டு இருப்பதில்தான் இருக்கிறது என்று எனக்கு முதல்முதலாகத் தோன்றியது அங்கேதான்.

கலியபெருமாளுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. கையில் சுருட்டிக் கொடுத்த மஞ்சள் கேபிளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உள்ள வர்றதுக்கு வாய்க்கா வச்சிருக்கீங்க, சரி. வெளிய போறதுக்கு வடிகா வேணாமா மேடம்? வடிகா இல்லாத வயல்ல என்னத்த வெளையும்?"

சிஸ்டரின் சர்டிபிகேட்

மில்லில் பார்த்ததை ரகுவிடம் சொன்னேன். கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கேபிள் போடுவது என்பது அவர் போட்ட திட்டம். திட்டம் தப்பு என்று ஒரு கிளைக்காரி சொன்னால் ஏற்றுக்கொள்வாரா? வெளியாள் கேபிள் சொருகுகிற அளவுக்கு ஏன் விட்டு வைத்தீர்கள் என்று அதையும் சேவியர் அண்ணன் தலையிலேயே வைத்தார். மாசம் முடிவதற்குள் பல்டி நிற்காவிட்டால் கேபிள் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டுவிடப் போவதாகவும் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணன் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த, முனை அடிக்கிற கிரிம்பிங் பிளேயரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தஞ்சாவூரில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் எங்கள் வாடிக்கை. அங்கேயும் இரண்டு கேபிள், அங்கேயும் பல்டி. கால் பரீட்சை லீவில் அண்ணன் அந்தக் கம்ப்யூட்டர் அறையின் பழைய கேபிள் அத்தனையையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். நான் போய்ப் பார்த்தபோது அசந்துவிட்டேன். ஒவ்வொரு கேபிளும் சீவிப் பின்னிய ஜடை மாதிரி வரிசையாகப் படிந்து கிடந்தது. இதற்கு மேல் ஒருவர் கேபிள் போட முடியாது என்று சொல்லலாம். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, முதல் மணி அடிப்பதற்குள் மெயில் வந்துவிட்டது.

அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "குவைத்துல பழைய கம்பெனில கேட்டா எடுத்துப்பாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பான சிஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். புதுக் கேபிள்களைத் தடவிப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தார் போலிருக்கிறது: "சேவியர், இந்த வேலையில ஆண்டவரே வந்து பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாது. அந்த மெயிலுக்குத்தான் அது தெரியல."

இரண்டு தெருவிலும் வாசல்

குடவாசலில் பஷீர் மாமா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தி வந்தார். எனக்கு உறவில்லை, ஆனால் எங்கள் வாப்பாவின் பெயரைச் சொன்ன நாளிலிருந்து நான் அந்த வீட்டுப் பெண். வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்பக்கம் பரிசோதனை நிலையம், பின்பக்கம் அவர் தம்பியின் கடை, நடுவில் குடும்பம். அங்கேயும் இரண்டு கேபிள் சர்வர். ரகு கொடுத்த கெடு முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. அண்ணன் கேபிளைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றார்.

நான் என் லேப்டாப்பை நெட்வொர்க்கில் போட்டு, சர்வரிடம் ஒரே ஒரு முகவரியைக் கேட்கத் தயாரானேன். அந்த நேரம் பார்த்து முன்வாசலில் கூரியர்காரர் வந்து நின்று "பஷீர் பாய்" என்று குரல் கொடுத்தார். பரிசோதனைக்கான மருந்துப் பார்சல், உடனே பிரிட்ஜில் வைக்க வேண்டியது. உள்ளேயிருந்து மாமி "இங்கதான், வாங்க" என்றார். பின்பக்கத்திலிருந்து தம்பியும் "இங்கதான், இப்படிக் கொண்டா" என்றார். தம்பியின் குரல் கொஞ்சம் பெரிசு. கூரியர்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போனார். அதற்குள் தம்பி டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். பார்சல் மறுபடி தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தது. கூரியர்காரர் முனகியதை இங்கே எழுத முடியாது.

நான் சிரித்துக்கொண்டே லேப்டாப்பில் கேள்வியைத் தட்டினேன். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வந்தது. முதல் அட்டையும் என்னுடையது என்றது, இரண்டாவது அட்டையும் என்னுடையது என்றது. சிரிப்பு நின்றுவிட்டது. சர்வர் தன் முகவரி எந்த வாயில் கேட்கப்பட்டாலும் எல்லா வாயிலிருந்தும் ஆமாம் போடுகிறது. எந்தப் பதில் கடைசியில் வந்து சேர்ந்ததோ அங்கே எல்லோரும் ஓடுகிறார்கள். அங்கே போனால் சர்வர், இது இந்த வழியாக வர வேண்டிய ஆள் இல்லையே என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. சர்வரின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன்: அவரவர் முகவரிக்கு மட்டும் அவரவர் பதில் சொன்னால் போதும். மறுபடி கேட்டேன். ஒரே பதில். "அண்ணே, கேபிள் இல்லண்ணே" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். அவர் வந்து திரையைப் பார்த்தார். அதில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

என்ன கோளாறு என்று பஷீர் மாமா கேட்டார். அவர் வீட்டையே உதாரணமாக வைத்து விளக்கினேன். அவருக்குக் கோளாறு எது என்றே பிடிபடவில்லை: "எங்க வீட்டுல யாரைக் கூப்பிட்டாலும் எல்லாரும் ஏன்னு கேப்போம். இதுல என்னம்மா தப்பு இருக்கு?"

அசோகா

ரகுவுக்குச் சான்றோடு எழுதி அனுப்பினேன். ஒரு கேள்வி, இரண்டு பதில், இரண்டு வரி, ஒரு பதில். அவர் போனில் வந்தார். எல்லா இடத்திலும் அந்த இரண்டு வரியைப் போட்டுவிடுங்கள் என்றார். காண்ட்ராக்ட் பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அதை நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வாரம் நானும் அண்ணனும் ஊர் ஊராகப் போனோம். உண்மையில் அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வரி தட்டுவதற்குக் கேபிள்காரர் எதற்கு? ஆனால் வந்தார். போகிற இடத்திலெல்லாம் தன் கேபிள்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார், ஜாமீனில் வந்த பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி. திருவையாற்றில் கண் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் கடைக்குப் போய் அசோகா வாங்கினார். பாசிப்பருப்பில் நெய் சொட்டச் சொட்ட செய்கிற அந்த அல்வாவை வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுத்தார்கள். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டோம். காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் வேலை பார்த்த நாட்களிலேயே அதுதான் நல்ல நாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்வீட் சாப்பிட்டுவிட்டேன், அந்த ருசி நாக்கில் அப்படியே இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டே அண்ணன் என்னிடம் ஒரு உதவி கேட்டார். ரகுவிடம் நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். பிறகு கேட்டேன், ரகு பார்க்கலாம் என்றார், அதோடு சரி. அண்ணன் கேட்டது இதுதான்: "கேபிள் நல்லாத்தான் இருந்துச்சுன்னு அவரை ஒரு வரி எழுதச் சொல்லும்மா. பெருசா ஒண்ணும் வேணாம். வீட்டுல காட்டணும்."

சும்மா இருந்த போன்

அதன் பிறகு வந்த அமைதியை உங்களில் எத்தனை பேர் அனுபவித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. காலையில் மெயிலைத் திறந்தால் காலி. போன் மேசையில் கிடக்கும். முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் அறைக்கு வெள்ளை அடித்தார். நான் மேசை இழுப்பறைகளை ஒழுங்குபடுத்தினேன். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கீழே மருந்துக்கடைக்கு வருகிறவர்களின் இருமலை வைத்து யாருக்கு என்ன வியாதி என்று பந்தயம் கட்டினோம். அண்ணன் சாயங்காலம் முன்னைவிடச் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார்.

எனக்கு அந்த வரவேற்புகள் ஞாபகம் வரும். டாக்டரம்மாவின் காபி, பஷீர் மாமா வீட்டு இறால் வாடா, சிஸ்டர் காகிதத்தில் மடித்துத் தருகிற கேக். பல்டி அடித்த காலத்தில் எங்களைப் பார்த்தாலே முகம் சுளித்தவர்கள்தான், ஆனாலும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. சும்மா போய் நின்றால் ரகு பயணப்படியில் கேள்வி கேட்பார். ஒரு நாள் மில்லிலிருந்து கலியபெருமாள் போன் செய்தார். அடித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கோளாறு ஒன்றும் இல்லையாம். குறுவைப் புது அரிசி வந்திருக்கிறதாம், எங்கள் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்திருக்கிறாராம். வர முடியாத நிலைமையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அந்த மஞ்சக் கேபிள் இன்னும் என்கிட்டதான் இருக்கு மேடம். சொல்லுங்க, எதுலயாவது சொருகி விடட்டுமா?"

கத்தார்

சம்பா அறுவடை சமயத்தில் ரகு தஞ்சாவூர் வந்தார். முதல் தடவை வருகிறார். நல்லவிதமாகத்தான் பேசினார். கிளையிலிருந்து ஒரு புகார்கூட வருவதில்லை என்று மேலிடத்தில் பாராட்டினார்களாம். புகாரே வராத ஊருக்குக் கிளை எதற்கு என்றும் அவர்களே கேட்டார்களாம். என் வேலையை நான் கூத்தாநல்லூரில் வீட்டிலிருந்தே திரையில் பார்த்துக்கொள்ளலாம். கேபிள் வேலையைத் திரையில் பார்க்க முடியாது. அதைச் சொல்லும்போது ரகு, அண்ணன் பக்கம் திரும்பவில்லை. குற்றம் சாட்டியபோதுகூட அண்ணனைக் காப்பாற்ற என்னால் வாதாட முடிந்தது. பாராட்டியபோது என்ன சொல்லி வாதாடுவது? எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

அண்ணன் அறைச் சாவியை மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு, எல்லா ஊர் வாடிக்கையாளருக்கும் போன் செய்து சொல்லிக்கொண்டார். குவைத் கம்பெனியில் இடம் இல்லை. கத்தாரில் ஒரு பெரிய சர்வர் கூடத்தில் கிடைத்தது. நான் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் அவருடைய சின்ன மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அவள் இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாளாம், கையை விட்டுவிட்டு ஓட்டுகிறாளாம். அவள் அம்மா எடுத்து அனுப்பிய வீடியோவில் அண்ணன் பார்த்திருக்கிறார்.

நான் வீட்டில் உட்கார்ந்து அதே சர்வர்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பச்சை விளக்கு. திருவையாறு, மன்னார்குடி, குடவாசல் எல்லாம் வரிசையாக மூன்று எழுத்துச் சுருக்கங்களாகத் தெரிகின்றன. யாரும் காபி கொடுப்பதில்லை. நானே எழுந்து போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். போன வெள்ளிக்கிழமை அண்ணன் பேசினார். சாப்பாடு பரவாயில்லை, ஏசி எலும்பு வரைக்கும் குளிர்கிறது, கேபிளெல்லாம் பிரமாதமாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று குரலை இறக்கினார்: "இங்க எல்லாமே ஒழுங்கா ஓடுதும்மா. நான் வந்ததுலேருந்து ஒரு மெயில்கூட வரல. பயமா இருக்கு."

எங்கள் தொழிலில் எச்சரிக்கை வந்தால் ஆபத்து சர்வருக்கு, வராவிட்டால் நமக்கு.